புதுப்பிப்பு: சிஎன்சி போர்டுக்கு 12 வோல்ட்டா, 24ஆ, 36ஆ?

கணினி சொல்கிறபடி வெட்டுகிற சிஎன்சி மெஷினுக்காக, ஆர்டுயினோ (சின்னக் கட்டுப்பாட்டு போர்டு) மேல் குத்துகிற சிஎன்சி ஷீல்ட் வி3 போர்டுக்கும், படிப்படியாகச் சுழலும் நேமா 17 ஸ்டெப்பர் மோட்டர்களுக்கும் எத்தனை வோல்ட் பவர் சப்ளை வாங்குவது என்று போன கிழமை கேட்டிருந்தேனே, கடைசியில் 24 எடுத்தாச்சு.

போர்டு 36 வரை தாங்கும் என்றுதான் போட்டிருக்கு. ஆனால் அதில் குத்துகிற ஏ4988 டிரைவரின் (மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன போர்டு) உச்சம் 35. என் போர்டின் கெப்பாசிட்டரிலும் 35வி என்றே அச்சடித்திருக்கு. மோட்டர் சடாரென்று வேகம் குறையும்போது மின்னைத் திருப்பித் தள்ளும். எல்லையை ஒட்டி நின்றால் டிரைவர் போய்விடும். பிறகு டிஎம்சி2209 டிரைவருக்கு மாறினாலும் அதன் எல்லை 29, ஆக 24 பொருந்தும்.

"மோட்டரில் 2.8 வோல்ட் என்று போட்டிருக்கே, எரியாதா அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எரியாது தம்பி. கரண்டை டிரைவர் நறுக்கி நறுக்கிக் கட்டுப்படுத்தும். வோல்ட் கூடினால் சுருளில் கரண்ட் விரைவாக ஏறும், வேகமாக ஓடும்போதும் இழுவை அவ்வளவாக விழாது. டிரைவரில் கரண்ட் எல்லையைக் குறிக்கிற வி-ரெஃப் வோல்ட்டை மட்டும் சரியாக வையுங்கள்.

சப்ளை வாங்கியது கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில். கம்பி பூட்ட முதல் பக்கவாட்டு ஓட்டைக்குள் இருக்கிற, லைன் வோல்ட்டைத் தெரிவு செய்கிற சின்னச் சுவிட்சைப் பாருங்கள். எனக்குக் கிடைத்தது 110இல் நின்றது. நம்மட லைன் 230! ஆர்டுயினோவுக்கு யூஎஸ்பி போதும், ஷீல்டின் 24 அதற்குப் போகாது. வெட்டும் கருவியைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் மோட்டருக்கு வேறு சப்ளைதான் போடப்போகிறேன்.