போகிக்குப் போட்டதில் எது இன்னும் மனசை அரிக்கிறது?

வியாசர்பாடி அக்கா:
அப்பாவுக்குத் தலைத் திவசம் முடிந்து வந்த முதல் போகி. வீட்டில் பழசு எதுவும் தங்கக் கூடாது என்று சித்தப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். பிய்ந்த பாய், முறம், தலையணை, அதோடு அப்பாவின் கணக்கு நோட்டுகள் ஏழெட்டு. காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு, பார்த்திருப்பீர்கள். நாலரை மணிக்கே தெருவில் மேளச் சத்தம். தம்பி கொட்டிக்கொண்டிருந்தான், நான்தான் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

கட்டு போட்ட நோட்டு சட்டென்று எரியாது. ஓரம் கருகி, சூட்டில் பக்கம் பக்கமாகத் தானே புரளும். அப்படிப் புரண்ட ஒரு பக்கத்தில் அப்பாவின் சாய்ந்த எழுத்தில் "சின்னவன் செருப்பு 45" என்று இருந்தது. படித்தேன். படித்துவிட்டு, கையில் இருந்த குச்சியால் அந்த நோட்டை உள்ளே தள்ளினேன். வெளியே இழுத்திருக்கலாம், கையெட்டும் தூரம்தான். ஏன் தள்ளினேன் என்று இருபது வருஷமாக யோசிக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

இரவு ஷிப்ட்:
அக்கா, வருத்தம் புரிகிறது. ஆனால் எரித்ததே தப்பு என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா?

2018 போகி. தங்கையைக் கூட்டி வர மீனம்பாக்கம் போயிருந்தேன். பனியோடு புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியவில்லை. வர வேண்டிய விமானங்களைப் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் திருப்பிவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டு, "எந்தப் பாவி டயர் கொளுத்தினானோ" என்றார். என் சட்டையை மோந்து பார்த்தேன். விடிகாலையில் எங்கள் தெருமுனையில் டயருக்கு மண்ணெண்ணெய் ஊற்றியது நான்தான். எழுந்து இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

அதனால் சொல்கிறேன். துணி நல்லதாக இருந்தால் துவைத்து மடித்துக் கொடுங்கள். கிழிசலை வாங்கிக்கொள்பவர் மனசு என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். காகிதம், அட்டை, இரும்பு எல்லாவற்றுக்கும் பழைய பேப்பர் கடை இருக்கிறது. பிளாஸ்டிக், ரப்பர், பழைய ஒயர் இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் நெருப்பில் போடாதீர்கள். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் பக்கத்தில் நின்றாலே தொண்டை அடைக்கும். பாய், முறம் எரிந்தால் பரவாயில்லை என்பார்கள். பனிக்காலத்தில் காற்று அசையாது, எந்தப் புகையும் மேலே போகாமல் தரையோடு படுத்துக்கிடக்கும். ஊர் முழுக்க ஆளுக்கு ஒரு பாய் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நோட்டு விஷயத்தில் அக்காவுக்கும் இதையேதான் சொல்வேன், கடையில் போட்டிருந்தால்

(முடிப்பதற்குள் அனுப்பிவிட்டேன். சரி, புரிந்திருக்கும்.)

ஆவாரம்பூ:
கடையில் போட்டிருந்தால் மட்டும் அந்த அக்காவுக்கு நிம்மதியா? அவர் கேட்டது அதுவா?

எங்கள் பக்கம் எரிக்கிற வழக்கம் அவ்வளவாக இல்லை. போகிக்கு வீட்டை மெழுகி, வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவோம், அவ்வளவுதான். அதற்காகப் பழசை விடவில்லை என்று இல்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது அம்மிச்சியின் ஆட்டாங்கல் பாதி தரையில் புதைந்திருந்தது. கடப்பாரை போட்டுத்தான் எடுத்தோம். பழைய சாமான்காரர் வேண்டாம் என்றார். புது வீட்டில் டைல்ஸ், வைக்க இடம் இல்லை. மேஸ்திரி, "கடைக்காலுக்குள்ள போட்டுருட்டுங்களா?" என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன்.

கல் முதலில் போனது. குழவியைத் தூக்கிப் போட்டபோது அது உருண்டு, எங்கும் நிற்காமல், நேராகப் போய் அந்தக் குழியிலேயே உட்கார்ந்துகொண்டது. ஆட்கள் சிரித்தார்கள். மேலே ஜல்லி கொட்டினார்கள். இப்போது அதற்கு நேர் மேலே என் சமையலறை. வெட் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் தரையைப் பார்ப்பேன். வேறொன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
யாராவது "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அது போகிப் பாட்டு இல்லை. பவணந்தி முனிவரின் நன்னூலில் கடைசி நூற்பா, 462. "வழுவல கால வகையினானே" என்று முடியும். மொழியில் பழைய வழக்குகள் போய்ப் புதியவை வருவது குற்றம் ஆகாது என்கிறார். பாயைக் கொளுத்து என்று இலக்கணக்காரர் ஏன் சொல்லப்போகிறார்? சிதைந்த ஏடுகளை முறைப்படி என்று சொல்லி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதைக் கரிவலம்வந்தநல்லூரில் கேட்டு, ஓலைச்சுவடி தேடிப்போன உ.வே.சா. நொந்துபோனார். நம் ஆட்களுக்கு நெருப்பில் போடுவதற்கு மட்டும் எப்போதும் ஒரு சாஸ்திரம் கிடைத்துவிடும்.

என் கதை சின்னது. "பழைய பட்டுப்புடவைக்குப் பணம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவரிடம் அம்மாவின் கூறைப்புடவையைக் கொடுத்தேன். ஜரிகையை உரசிப் பார்த்தார், எடை போட்டார், 2,800 ரூபாய் தந்தார். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, அங்கேயே, வாசலிலேயே, புடவைக் கரையைக் கிழித்தார். அந்தச் சத்தம். உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மா, "என்னடா கிழியுது?" என்றாள். "பழைய துணிம்மா" என்றேன்.

பத்திர எழுத்தர்:
வாத்தியார் ஐயா சொன்னது சரி. நான் பார்த்ததையும் எழுதுகிறேன். ஒரு தை மாதம், பதிவு அலுவலகம் எதிரில் என் மேசைக்கு ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே பாதி எரிந்த முத்திரைத்தாள். பேரன் பழைய தாள் என்று போகியில் போட்டுவிட்டானாம். தாத்தாவின் கைநாட்டு மட்டும் முழுசாக மிஞ்சியிருந்தது. அதன்மேல் படிந்த சாம்பலை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து, "இது செல்லுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகவே அன்பர்கள் கவனிக்கவும். பரணில் இருந்து இறக்கும் எந்தத் தாளையும் படிக்காமல் ஒதுக்காதீர்கள். மூலப்பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, பாகப்பிரிவினை, உயில், வங்கியில் கடன் தீர்த்த ரசீது இவை எவ்வளவு பழசானாலும் வேண்டும். அசல் போய்விட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி, நாளிதழில் அறிவிப்புப் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுக்க வேண்டும். பத்திர எண்ணும் வருஷமும் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டில் எண்களை எழுதி வையுங்கள். அந்த நோட்டைப் பத்திரத்தோடு வைக்காதீர்கள், வேறு இடத்தில் வையுங்கள். மதிப்பெண் சான்றிதழ்களுக்கும் இப்படித்தான். லேமினேஷன் செய்யாதீர்கள், அதுவும் ஒரு தொல்லை. அக்கா, அந்த ஏழெட்டு நோட்டுக்குள் பத்திரம் ஏதும் இருந்ததா, பார்த்தீர்களா?

வலிகாமம்:
எங்கட பக்கம் போகி எரிக்கிறதில்லை. ஆனால் சொல்ல ஒன்று இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு இடப்பெயர்வு. நாவற்குழிப் பக்கம் மழைக்குள் சனம் நகரவே இல்லை. சைக்கிளில் அரிசி, உடுப்பு, தம்பி. அம்மம்மா மடிக்குள் தேங்காய் துருவுற துருவலையை வைத்துக்கொண்டு நடந்தா. "தேங்காய் எங்க, துருவலை எங்க" என்று ஐயா ஏசினார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அங்கே ஆறு குடும்பம் அதில்தான் துருவினது.

போன வருசம் புது வீடு குடிபுகும்போது அதைக் குப்பையோடு போட்டது நான். பல்லுத் தேய்ந்துபோச்சு, மிசின் வாங்கியாச்சு. குப்பை வண்டி தெரு திரும்பினபிறகுதான் ஞாபகம் வந்தது. ஓடினேன். இடுப்பில் கட்டின சாரத்தோடு சந்தி வரைக்கும் ஓடினேன்.

இரவு ஷிப்ட்:
கிடைத்ததா?

வலிகாமம்:
இல்லை.

வியாசர்பாடி அக்கா:
பத்திர எழுத்தர் ஐயா, பத்திரம் எல்லாம் பீரோவில் இருக்கிறது, கவலை வேண்டாம். இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆட்டாங்கல் கதைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம், நோட்டை நான் உள்ளே தள்ளியதை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுல முக்கால்வாசி மளிகைக் கடன்டி. முனைக் கடைக்கு இன்னும் 340 ரூபாய் பாக்கி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

முனைக் கடை இப்போது செல்போன் கடை. அவருடைய மகன் கொளத்தூரில் இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.