ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்: நகத்து ஃபாயில் பஞ்சாயத்து

நிவேதா: [படம்]

நிவேதா: கவிதா மதினி, இதைக் கொஞ்சம் பாருங்கள். ஃபாயில் ஒட்டியவரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. மேலே காப்புக்கு டாப் கோட் ஒரு இழுப்பு இழுத்தேன், உடனே சுருங்கி மங்கிவிட்டது.

ஹரிணி: அக்கா, பாம்புச் சட்டை மாதிரி இருக்கிறது

நிவேதா: நீ சும்மா இரு

கவிதா மதினி: எந்த டாப் கோட்? கடையில் சாதாரண நெயில் பாலிஷோடு விற்பார்களே, வாசனை தூக்கும், அதுவா?

நிவேதா: அதேதான் மதினி.

கவிதா மதினி: காரணம் அதுதான். அதில் இருக்கிற எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் எல்லாம் ஃபாயிலின் மேல் பூச்சைக் கரைத்துவிடும். உன் கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. தண்ணீர் கலவையில் வரும் டாப் கோட் கிடைக்கும், முதலில் அதைப் போட்டுக் காயவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டுமானால் உன் பழைய பாட்டிலை மெல்லியதாக ஒரு கோட் இழுக்கலாம். பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்காதே, மிதக்கவிட்டு இழு.

பெரியம்மா: ஏட்டி, கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருக்கு. பந்தல்காரனுக்கு யார் பேசினது என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கக் காணோம். நகத்தில் சாக்லேட் காகிதம் ஒட்டுவதற்கு மட்டும் இத்தனை பேர் வருகிறீர்கள்.

கவிதா மதினி: பந்தலுக்கு உங்கள் மகன் பேசியாச்சு அத்தை. முன்பணமும் கொடுத்தாச்சு.

பெரியம்மா: சரி, அப்படியென்றால் ஒட்டுங்கள்.

ஹரிணி: பெரியம்மா, நான் நிஜமாகவே சாக்லேட் காகிதம் ஒட்டிப் பார்த்தேன்! பாலிஷ் ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் ஒட்டுகிறது. ஆனால் ஓரம் முழுக்கத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மத்தியானம் சாம்பார் உள்ளே போய்விட்டது.

சிவகாசி மாமா: அது ஒட்டாது கண்ணு. சாக்லேட் காகிதமும் அடுக்களை ஃபாயிலும் முழு அலுமினியத் தகடு, சுமார் 10 மைக்ரான் கனம் இருக்கும். நகம் இரண்டு பக்கமும் வளைந்தது, தகடு அந்த வளைவுக்குப் படியாது, மடிப்பு விழும். நிவேதா வைத்திருப்பது டிரான்ஸ்ஃபர் ஃபாயில், அழுத்தி உரித்தால் பளபளப்பு மட்டும் நகத்தில் ஏறும். அது வேறு சமாச்சாரம்.

நிவேதா: மாமா நீங்களுமா!

சிவகாசி மாமா: பின்னே? தீபாவின் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் தங்கமாக மின்னுகிறாரே, அவரை அடித்தது நம் மெஷினில்தான். நீ கையில் வைத்திருக்கும் சுருளுக்கும் அதற்கும் ஒரே பரம்பரை. அடியில் பாலியெஸ்டர் பிலிம், எங்கள் ரகத்தில் பெரும்பாலும் 12 மைக்ரான். அதன் மேல் கழன்றுவருவதற்கென்று ஒரு மெல்லிய பூச்சு, அப்புறம் நிறம் கொடுக்கும் அரக்கு, அப்புறம் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். அந்த அலுமினியம் ஒரு மைக்ரானில் சிறு பங்குகூட இருக்காது, அதனால்தான் எந்த வளைவிலும் படிகிறது. தங்க நிற ஃபாயிலில் தங்கம் கிடையாது. வெள்ளி நிற அலுமினியத்தின் மேல் மஞ்சள் அரக்கு, அவ்வளவுதான். கவிதா சொன்ன மாதிரி அந்த வாசனை டாப் கோட் கரைப்பது இந்த அரக்கைத்தான். அது போனால் பளபளப்பும் போச்சு.

தீபா: மாமா, அப்படியென்றால் பத்திரிகை அடித்து மிஞ்சின துண்டு ஃபாயில் இருக்குமே, அதைக் கொண்டுவாருங்கள். இவர்களுக்குக் காசு மிச்சம்.

சிவகாசி மாமா: துண்டு எவ்வளவு வேண்டும், மூட்டையே இருக்கிறது.

கவிதா மதினி: வேண்டாம் மாமா. உங்கள் ஃபாயில் சூட்டில் ஒட்டுகிற ரகம் அல்லவா?

சிவகாசி மாமா: ஆமாம், அதை மறந்து பேசிவிட்டேன். அச்சு பிளாக்கை 100 டிகிரிக்கு மேல் சூடேற்றி அழுத்தினால்தான் பசை இளகும். விரலை அங்கே கொடுக்க முடியாது. குளிர் ஃபாயில் (cold foil) என்று இன்னொரு வழி உண்டு, காகிதத்தில் பசையை அச்சடித்து ஃபாயிலை மேலே அழுத்தி யுவி விளக்கில் காயவைப்பார்கள். அதில் சூடு தேவையில்லை.

கவிதா மதினி: பார்லரில் விளக்கில் காயும் ஜெல் பாலிஷ் வைத்துச் செய்வது கிட்டத்தட்ட அதுதான் மாமா. விளக்கு முதலில், ஃபாயில் அப்புறம், வரிசைதான் மாறும்.

நிவேதா: மதினி, க்ளூவில் செய்வதா, ஜெல்லில் செய்வதா? முதலிலிருந்து சொல்லுங்கள். வீடியோக்களில் எல்லாம் பத்து நொடியில் முடித்துவிடுகிறார்கள்.

கவிதா மதினி: பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கவிதா மதினி: சரி, க்ளூவிலிருந்து ஆரம்பிப்போம். ஃபாயில் க்ளூ என்றே தனி பாட்டில் வரும், பால் நிறத்தில் இருக்கும். முதலில் நகத்தில் உனக்குப் பிடித்த பாலிஷைப் போட்டு முழுதாகக் காயவிடு. அடியில் கறுப்போ அடர் நீலமோ இருந்தால் ஃபாயில் விடுபட்ட இடம் அசிங்கமாகத் தெரியாது. அதற்கு மேல் க்ளூவை மிக மெல்லியதாகப் பூசு. திட்டுத் திட்டாகப் பூசினால் ஃபாயில் அத்தனை மேடு பள்ளத்தையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். இதில் எல்லோரும் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு: வெள்ளை நிறம் முழுக்கப் போய்க் கண்ணாடியாகத் தெளியும்வரை தொடவே கூடாது. சில நிமிஷம் ஆகும். மழை நாளில் இன்னும் கூட ஆகும். வெள்ளையாக இருக்கும்போதே அழுத்தினால் க்ளூவும் ஃபாயிலோடு உரிந்து வந்துவிடும்.

கவிதா மதினி: தெளிந்த பிறகு ஃபாயிலை நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி வைத்துக்கொள். பளபளப்பான பக்கம் உன்னைப் பார்க்க வேண்டும், மங்கின பக்கம் நகத்தில் படிய வேண்டும். பாதிப் பேர் இதை மாற்றி வைத்துவிட்டு ஃபாயில் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காட்டன் பட்ஸால் தேய். பென்சில் ரப்பர் இன்னும் நன்றாக இருக்கும். நகத்தின் இரண்டு பக்கச் சரிவையும் மறக்காதே. அப்புறம் தயங்காமல் வெடுக்கென்று உரி. மெதுவாக உரித்தால் இழுபடும். விட்டுப்போன இடத்தில் அதே ஃபாயிலின் புதுப் பகுதியை வைத்து மறுபடி அழுத்து, பசை இன்னும் பிடிக்கும்.

ஹரிணி: க்ளூ இல்லை என்றால்?

கவிதா மதினி: பாலிஷ் முக்கால் காய்ந்து லேசாக ஒட்டும் பதத்தில் ஃபாயிலைத் தொட்டுத் தொட்டு எடு. முழுசாக வராது, திட்டுத்திட்டாக வரும். பளிங்கு வேலைப்பாடு மாதிரி அதை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். முழு நகத்தையும் மூடுவதைவிட அது கண்ணுக்கு நிறைவாக இருக்கும், தப்பு நடந்தாலும் தெரியாது.

நிவேதா: க்ளூவில் எத்தனை நாள் நிற்கும்?

கவிதா மதினி: பாத்திரம் தேய்க்கிற கை என்றால் மறுநாளே நுனி தேயும். கல்லூரிக்காரி கை என்றால் சில நாள். டாப் கோட் போடும்போது நக நுனியின் விளிம்பையும் சேர்த்து மூடு. தேய்மானம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பெரியம்மா: கல்லூரிக்காரி கை எந்தப் பாத்திரத்தையும் தொட்டதில்லை. மாசக்கணக்கில் நிற்கும்.

தீபா: ஹாஹா பெரியம்மா

கவிதா மதினி: இனி ஜெல். பேஸ், கலர் எல்லாம் விளக்கில் காய்ந்த பிறகு ஃபாயில் ஜெல் போட்டு விளக்கில் வைத்தால், காய்ந்த பிறகும் மேலே ஒரு பிசுபிசுப்பு மிஞ்சும். காற்றில் உள்ள ஆக்சிஜன் மேல்பரப்பை முழுதாக இறுகவிடாது, அதனால் வரும் பிசுபிசுப்பு. அதில்தான் ஃபாயில் பிடிக்கும். நோ வைப் (துடைக்க வேண்டாத) டாப் கோட் மேல் ஃபாயிலை அழுத்தினால் சரியாகப் பிடிக்காது, ஏனென்றால் அதில் அந்தப் பிசுபிசுப்பே இல்லை. ஃபாயில் வந்த பிறகு ஜெல் டாப் கோட் போட்டு மறுபடி விளக்கு. அதில் நிவேதா பாட்டிலில் இருக்கிற கரைப்பான் இல்லை, அதனால் சுருங்காது. ஓரம் ஒழுங்காக மூடியிருந்தால் இரண்டு வாரம்கூட நிற்கும்.

ஹரிணி: அப்ப எனக்கு ஜெல்! ஆன்லைனில் குட்டி விளக்கோடு செட்டாக வருகிறது

செல்வி சித்தி: இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். ஹரிணிக்கு ஜெல் கிடையாது. இது சித்தியாகச் சொல்லவில்லை, நர்ஸாகச் சொல்கிறேன்.

ஹரிணி: ஏன் சித்தி!!

செல்வி சித்தி: ஜெல் முழுதாகக் காயாமல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அலர்ஜி வரும். அதில் உள்ள அக்ரிலேட் வகைப் பொருள்கள்தான் காரணம், முக்கியமாக ஹேமா (HEMA) என்பது. ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் விடாது. பிற்பாடு பல் அடைக்கும்போதும் வேறு சிகிச்சைகளிலும் அதே குடும்பத்துப் பொருள்கள் வரும், அப்போது தொல்லை. பிரிட்டனில் தோல் மருத்துவர்கள் 2018-லேயே இதைப் பற்றி எச்சரித்தார்கள், வீட்டு உபயோக செட்டுகளைக் குறிப்பிட்டே. குட்டி விளக்கும் கண்ட ஜெல்லும் பொருந்தாமல் போனால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் முதல் டிபிஓ (TPO) என்ற வேறொரு பொருளுக்கு ஜெல் பாலிஷில் தடை வந்துவிட்டது. கவிதா, உன்னிடம் இருக்கும் பாட்டில்களில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடு.

கவிதா மதினி: பார்த்தேன் சின்ன அத்தை, புதிதாக வாங்கினதில் இல்லை. பழையது ஒன்றைத் தூர எறிந்துவிட்டேன். தோலில் படாமல் ஓரத்தில் ஒரு நூல் இடம் விட்டுத்தான் பூசுவேன்.

தீபா: விளக்கு வெளிச்சத்தால் ஒன்றும் ஆகாதா சித்தி?

செல்வி சித்தி: 2023-ல் வந்த ஒரு ஆய்வில், இந்த விளக்கின் யுவிஏ கதிர் ஆய்வகத் தட்டில் இருந்த செல்களைக் கெடுத்ததைப் பார்த்தார்கள். மனுஷர் கையில் செய்த ஆய்வு இல்லை அது. கல்யாணத்துக்கு ஒரு முறை போடுவதற்குப் பயப்படாதே. கைக்குச் சன்ஸ்கிரீன் பூசிக்கொள், இல்லையென்றால் விரல் நுனி திறந்த கையுறை போட்டுக்கொள். மாதா மாதம் போடுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

தீபா: சரி, கல்யாணப் பெண்ணுக்கு எது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கவிதா மதினி: உனக்கு முழு ஃபாயில் வேண்டாம் என்பேன். மேடையில் ஃபிளாஷ் அடிக்கும்போது பத்து விரலும் வெள்ளையாகத் தெறிக்கும். பட்டுச் சரிகை, வளையல், மோதிரம் எல்லாம் மின்னும் இடத்தில் நகமும் போட்டிக்கு நிற்க வேண்டாம். அப்புறம் நலங்கு மஞ்சளை யோசி. வெளிர் நிற ஜெல் போட்டால் மஞ்சள் ஏறிவிடும், போகவும் போகாது. அரக்கு நிற ஜெல் போட்டு, மோதிர விரலிலும் கட்டை விரலிலும் மட்டும் ஃபிளேக்ஸ் வைக்கிறேன். பிய்த்துப் போட்ட துகள் ஃபாயில் அது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, முனை நீட்டாமல் அழுத்தி, மேலே டாப் கோட்டை இரண்டு தடவை இழுத்துவிட்டால் உள்ளே புதைந்து கிடக்கும். இலைச் சாப்பாட்டில் கையை விட்டுப் பிசைந்தாலும் உரியாது.

நிவேதா: குரோம் பவுடர்?

கவிதா மதினி: அழகுதான். நோ வைப் டாப் கோட் மேல் தேய்த்தால் மடிப்பே இல்லாமல் ஒரே சீராக வரும், அதில் ஃபாயில் தோற்றுப்போகும். ஆனால் ஃபாயிலில் பூவும் புள்ளியும் அச்சடித்து வரும், பவுடரில் டிசைன் கிடையாது. தவிர, அது விரல் முழுக்க அப்பிக்கொள்ளும். நான் முகூர்த்தப் பட்டுப் பக்கத்தில் அதைத் திறக்கவே மாட்டேன்.

ஹரிணி: எனக்கு?? ஸ்டிக்கராவது?

கவிதா மதினி: உனக்கு ஸ்டிக்கர்தான் சரி. உலோகப் பளபளப்பில் நகம் முழுக்க மூடுகிற மாதிரியே கிடைக்கும். உன் நகத்துக்குச் சரியான அளவை எடுத்து, லேசாக ஹேர் டிரையர் சூடு காட்டி இழுத்து ஒட்டு. மிஞ்சினதை நகம் தேய்க்கும் ஃபைலால் கீழ்ப்பக்கமாக மட்டும் தேய்த்து எடு. நகம் சின்னதாக இருந்தால் ஓரம் தூக்கும், அவ்வளவுதான் குறை. திங்கள்கிழமை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உரித்தும் விடலாம்.

ஹரிணி: ஆச்சிக்கும் ஒட்டலாமா? ஆச்சியே கேட்டார்கள், தங்க நிறம்

செல்வி சித்தி: ஒட்டு, ஸ்டிக்கர் என்பதால் சரி. ஆனால் கல்யாணம் முடிந்த வியாழக்கிழமை ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டுவார்கள், அதன் வெளிச்சம் நகத்தின் வழியாகப் போக வேண்டும். புதன்கிழமைக்குள் பத்து விரலும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பெரியம்மா: அம்மாவுக்கு 81 வயசில் தங்க நகம். நடக்கட்டும். எனக்கும் ஒரு செட் எடுத்து வை ஹரிணி, யாரிடமும் சொல்லாதே.

தீபா: பெரியம்மா இது குரூப்

பெரியம்மா: தெரியும்.

நிவேதா: மதினி, மருதாணிக்கு முன்னால் நகமா, பின்னால் நகமா?

கவிதா மதினி: மருதாணி வெள்ளிக்கிழமை. அதைச் சுரண்டி எடுத்து எண்ணெய் தடவுவீர்கள், அந்த எண்ணெய் நகத்தில் இருந்தால் எதுவுமே ஒட்டாது. அதனால் நகம் சனிக்கிழமை ராத்திரி. ஆரம்பிக்கும் முன் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நகத்தை மட்டும் துடைக்கிறேன், தோலில் பட்டால் மருதாணி நிறம் மங்கும். மருதாணி வைக்கும்போதே நகத்துக்கு வெறும் பேஸ் கோட் போட்டுக்கொள்ளுங்கள், நகம் சிவக்காது.

தீபா: எனக்கு நகம் சிவந்தால்தான் பிடிக்கும். மேலேதான் அரக்கு நிறம் வருகிறதே.

கவிதா மதினி: அப்படியென்றால் நீ போட வேண்டாம். மற்றவர்கள் போடுங்கள்.

நிவேதா: கழற்றுவது?

கவிதா மதினி: க்ளூவில் செய்தது சாதாரண ரிமூவரிலேயே வந்துவிடும். ஜெல்லுக்கு மேல் பளபளப்பை ஃபைலால் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து, விரல் நுனியை அலுமினிய ஃபாயிலால் சுற்றிப் பதினைந்து நிமிஷம் இருக்க வேண்டும். அப்புறம் மரக் குச்சியால் தள்ளினால் வரும். வராவிட்டால் மறுபடி சுற்று. பல்லால் கடித்தோ பிய்த்தோ எடுத்தால் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும். விரல் நகம் மாசத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுதான் வளரும். முழு நகம் மாறி வர ஆறு மாசம்வரை ஆகும்.

பெரியம்மா: சப்பாத்தி சுற்ற வைத்திருக்கிற ஃபாயிலா?

கவிதா மதினி: அதுவேதான் அத்தை. ஒரு சுருள் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.

சிவகாசி மாமா: வாங்காதே, நான் கொண்டுவருகிறேன். பத்திரிகை ஃபாயிலுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டாய், அலுமினிய ஃபாயிலாவது என் பங்குக்கு இருக்கட்டும்.

செல்வி சித்தி: அசிட்டோன் பாட்டிலை அடுப்பு, விளக்கு இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். மாடி அறை, ஜன்னல் திறந்து. அங்கே யாரும் ஊதுபத்தி ஏற்றக் கூடாது.

கவிதா மதினி: சரி சின்ன அத்தை. சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல் தீபாவுக்கு முதலில், அப்புறம் நிவேதா. நிவேதா, அந்தப் பாம்புச் சட்டையை அதற்குள் கழுவிக்கொண்டு வா. தண்ணீர் டாப் கோட் என்னிடம் இருக்கிறது, நீ வாங்க வேண்டாம்.

நிவேதா: சரி மதினி. ஃபாயில் எந்த நிறம் எடுத்து வரட்டும்?

ஹரிணி: எல்லாம்