திருவல்லிக்கேணியில் 10-க்கு 11 அடி அறை: 7,000 ரூபாயில் இருவர் தங்கிப் படிக்க எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி: முதுகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் முதுகலை படிக்கிறேன். விடுதியில் இடம் கிடைக்காததால், நானும் என் வகுப்புத் தோழியும் திருவல்லிக்கேணி பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய வீட்டின் மாடியில் ஒற்றை அறை போர்ஷன் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகள் இங்கேதான் இருக்கப்போகிறோம்.

அறை 10-க்கு 11 அடி, உயரமும் ஏறக்குறைய 11 அடி. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை. சுவர்கள் சுண்ணாம்புக் காரை பூசியவை; பல இடங்களில் கறை படிந்து மங்கிப்போயிருக்கின்றன. மேற்கே கம்பி போட்ட ஒரு ஜன்னல், அதற்கு எதிரே சிறிய சுவர் அலமாரி, மூலையில் சமையலுக்கு ஒரு கடப்பா கல் மேடை, இவ்வளவுதான். குளியலறை பக்கத்துப் போர்ஷனுக்கும் பொது.

புத்தகங்கள், துணிகள், இரண்டு சூட்கேஸ், படுக்கை, பாத்திரங்கள், 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லாம் இப்போது தரையில்தான் கிடக்கின்றன; நடப்பதற்கு ஒற்றையடிப் பாதை மட்டுமே மிஞ்சுகிறது. ஒட்டுக் கொக்கிகளை வாங்கி ஒட்டினோம். மறுநாள் காலையில் அவை சுண்ணாம்புப் பொருக்கோடு சேர்ந்து விழுந்துவிட்டன. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். மின்சாரத்துக்குத் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். எங்கள் இருவரிடமும் சேர்த்து 7,000 ரூபாய் இருக்கிறது. பொருள்களை ஒழுங்காக வைக்க வேண்டும் என்பதோடு, மாலையில் களைத்து வரும்போது உள்ளே நுழைய மனம் விரும்புகிற ஓர் அறையாகவும் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1: பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கட்டடப் பொறியாளர்

வணக்கம். உங்கள் அறையின் தரை 110 சதுர அடிதான் என்றாலும் உயரம் 11 அடி இருக்கிறது. இன்றைய அடுக்குமாடி வீடுகளில் 9 முதல் 10 அடி உயரம்தான் கிடைக்கும். எனவே உங்களிடம் உண்மையில் மிகுதியாக இருப்பது செங்குத்தான இடம். பணத்தின் பெரும்பகுதியை அதைப் பயன்படுத்துவதற்கே செலவிடுங்கள்.

ஒட்டுக் கொக்கி விழுந்ததில் வியப்பில்லை. அது சுவரைப் பிடிக்காமல் சுவரின் மேல் இருக்கும் சுண்ணாம்புத் தூளை மட்டுமே பிடிக்கிறது. கதவின் எண்ணெய் வண்ணப் பரப்பு, கண்ணாடி, குளியலறை டைல்ஸ் போன்ற வழவழப்பான இடங்களில்தான் அது நிற்கும். ஆணி வேண்டாம் என்று உரிமையாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் ஆணி இறங்கும்போது சுற்றிலும் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து வரும்.

ஆகவே சுவரைத் தொடாமல் தானாக நிற்கும் இரும்பு ஆங்கிள் ரேக் ஒன்றை வாங்குங்கள். கடைகளில் பின்பக்கம் சரக்கு அடுக்கப் பயன்படுத்துகிறார்களே, அதே துளையிட்ட ஆங்கிள் ரேக்தான். 7 அடி உயரம், 3 அடி அகலம், 15 அங்குல ஆழம், ஐந்து தட்டுகள் போதும். கடை காலி செய்பவர்களிடம் பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. துரு பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீங்கள் விரும்பும் வண்ணத்தில் எனாமல் அடித்துக்கொள்ளலாம். இதற்கு 2,500 ரூபாய் ஒதுக்குங்கள். 3 அடித் தட்டில் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் எடை 25 கிலோவைத் தாண்டும் என்பதால் புத்தகங்கள் கீழிரண்டு தட்டுகளிலும், துணிகள் நடுவிலும், எப்போதாவது எடுக்கும் பொருள்கள் மேலேயும் இருக்கட்டும். மேல் முனையை நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டால் சாயாது. ரேக்குக்கும் சுவருக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இத்தகைய சுவர்கள் ஈரத்தை உறிஞ்சும். ஒட்டி வைத்த துணியிலும் புத்தகத்திலும் பூஞ்சை பிடித்துவிடும். கூரையிலிருந்து எப்போதாவது சுண்ணாம்புத் தூள் உதிரும். அதனால் மேல் தட்டின் மீது ஒரு பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டுவையுங்கள்.

அழகு பற்றிக் கேட்டீர்கள். ஒட்டுப் படங்களும் சரவிளக்குகளும் வாங்குவதற்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். உரிமையாளர் பெரும்பாலும் இதற்கு மறுக்க மாட்டார். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பொருந்தும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக உரிந்துவிடும். நீற்றிய சுண்ணாம்பை வாங்கி, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ரப் பசை சிறிதும், துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகையும் சேருங்கள். நீலம் சேர்ப்பதால் மஞ்சளோட்டம் மறைந்து வெண்மை பளிச்சென்று தெரியும். பழைய பொருக்குகளைச் சுரண்டி, சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மோர் பதத்தில் மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று அடிக்க வேண்டும். அடித்தவுடன் மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெண்மை ஏறும். ஒரு சுவருக்கு மட்டும் இளநிறம் வேண்டுமென்றால் மஞ்சள் காவி கலக்கலாம். சமையல் மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்தால் சிவந்துவிடும் என்பதால் அது உதவாது. கையுறை அணியாமலும் கண்ணை மறைக்காமலும் இந்த வேலையில் இறங்காதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

மேற்கு வெயிலுக்கு உள்ளே தடித்த திரை போடுவதைவிட, ஜன்னலுக்கு வெளியே கம்பியில் ஒரு மூங்கில் தட்டியைக் கட்டித் தொங்கவிடுவது நல்லது. திரை வெப்பத்தை உள்ளே விட்ட பிறகு தடுக்கிறது. தட்டி அதை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது.

பதில் 2: மின்பணியாளர்

பொறியாளர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய வீட்டு மாடி என்பதால் வயரிங்கும் பழையதாகவே இருக்கக்கூடும். மாணவர்கள் குடியேறியதும் முதலில் வாங்குவது இண்டக்‌ஷன் அடுப்பும் மின்கெட்டிலும்தான். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். சிறிய மூன்று துளைப் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு மட்டுமே உரியது. அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டிவிட்டு, பாக்ஸில் நான்கு துளைகள் இருக்கின்றனவே என்று நான்கையும் பயன்படுத்தினால், சுவருக்குள் இருக்கும் வயர்தான் சூடேறும். பெரிய துளையுள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சமையல் சாமானை அங்கே மட்டும் வையுங்கள். பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கிறது, அல்லது கருகிய வாடை வருகிறது என்றால், அன்றே உரிமையாளரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு மின்சார ரைஸ் குக்கரே போதும் என்றால், 400 வாட் அளவில் சிறியது ஒன்று சாதாரணப் பாயிண்டிலேயே பாதுகாப்பாக வேலை செய்யும்.

மின்கட்டணம் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்பதால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறி வாங்கலாமா என்ற எண்ணம் வரும். சாதாரண விசிறி 75 வாட், அது சுமார் 35 வாட். ஒரு நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 28 அல்லது 29 யூனிட் மிச்சம், அதாவது ஏறக்குறைய 260 ரூபாய். விலை மூவாயிரத்தை ஒட்டி இருக்கும் விசிறி அந்தப் பணத்தைத் திருப்பித் தரவே இரண்டு ஆண்டுகள் ஆகிவிடும். உங்கள் 7,000 ரூபாயில் அதற்கு இடமில்லை. அதற்குப் பதிலாக இப்போதிருக்கும் விசிறியின் இறக்கைகளைத் துடைத்து, வேகம் குறைவாக இருந்தால் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

வெளிச்சத்துக்கு, வேலை செய்ய ஒரு 20 வாட் எல்.இ.டி. டியூப், மாலையில் பேசிக்கொண்டிருக்கவும் படுக்கும் முன் படிக்கவும் மஞ்சள் ஒளி தரும் 9 வாட் பல்பு போட்ட ஒரு மேசை விளக்கு. அலங்காரத்துக்கென்று தனியாக எதுவும் வாங்காமலே, டியூபை அணைத்து மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிட்டால் வெள்ளையடித்த அறை வேறு முகம் காட்டும்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி, ஐயா. பெரிய பாயிண்ட் சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது. கெட்டிலை இனி அங்கேதான் வைப்போம். சுண்ணாம்பு அடிக்க உரிமையாளரும் சம்மதித்துவிட்டார். இன்னும் எங்களுக்கு முடிவெடுக்க முடியாமல் இருப்பது கட்டில், மேசை பற்றியது. இரண்டு கட்டில்கள் போட்டால் அறை நிறைந்துவிடுகிறது. தரையிலேயே படுத்துத் தரையிலேயே எழுதுவது இரண்டு ஆண்டுகளுக்குச் சரிப்படுமா?

பதில் 3: முன்பு திருவல்லிக்கேணியில் தங்கிப் படித்தவர்

அன்புத் தங்கைக்கு வணக்கம். கட்டில் வேண்டவே வேண்டாம். ஒரு கட்டில் 18 சதுர அடியை இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருக்கும். சுருட்டி வைக்கும் படுக்கை இரவில் மட்டும்தான் இடம் கேட்கும். கோரைப்பாய் ஒன்று, அதன் மேல் மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்று, ஆளுக்கு ஒரு சோடி போதும். காலையில் மெத்தையை இறுகச் சுருட்டி, ஒரு போர்வையால் சுற்றிக் கட்டிச் சுவரோரம் போட்டால் அதுவே சாய்ந்து உட்காரும் திண்டு. தரையில் போட்ட மெத்தையை அப்படியே நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள். அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறை மொட்டைமாடி வெயிலில் போட்டு எடுங்கள்.

பகலில் தரைக்கு ஒரு பவானி ஜமக்காளம் வாங்குங்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே அதன் சிறப்பு தெரியும்: முரட்டு நூலில் இறுக்கமாக நெய்திருப்பார்கள், சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக ஓடும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம், ஓரத்தில் நூல் முடிச்சுகள் தொங்கும். வெள்ளைச் சுவரும் அந்தப் பட்டை நிறங்களும் சேர்ந்தால் அறைக்கு வேறு அலங்காரமே தேவைப்படாது. எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸில் பாருங்கள். பண்டிகைக் காலத் தள்ளுபடி நாளில் போனால் சென்னிமலைப் போர்வைகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். திரைத்துணி மீட்டர் கணக்கில் வேண்டுமென்றால் பாரிமுனை கோடவுன் தெருவுக்குப் போகலாம். ஆனால் நான் சொல்வது, வீட்டிலிருந்து அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றை வாங்கி வந்து ரேக்குக்கு முன்னால் திரையாக விடுங்கள். ரேக்கின் மேல் ஆங்கிளில் துளைகள் இருப்பதால் ஸ்பிரிங் கம்பியை அதிலேயே மாட்டலாம். சுவரில் ஆணி தேவையில்லை. எத்தனை ஒழுங்காக அடுக்கினாலும் பல நிறப் பொருள்கள் கண்ணெதிரே தெரிந்துகொண்டிருந்தால் சிறிய அறை நெருக்கமாகவே தோன்றும். ஒரே துணி அவற்றை மறைத்ததும் மனம் அடங்கும்.

சூட்கேஸ்கள் இரண்டையும் செங்கற்களின் மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே பருவத்துக்கு வேண்டாத துணிகளை அந்துருண்டையோடு வையுங்கள். மேலே ஒரு துணி விரித்தால் விளக்கு வைக்க இடம் ஆயிற்று. பழைய வீட்டுச் சுவர் கனமாக இருக்கும் என்பதால் ஜன்னல் திட்டும் ஓர் அடி அகலம் இருக்கும். அன்றாடம் எடுக்கும் பாடப்புத்தகங்களுக்கும் ஒரு துளசித் தொட்டிக்கும் அது போதும். ரேக் கீழ்த்தட்டைப் புத்தகத்துக்கே விட்டுவிட்டு, தண்ணீர் கேனுக்கு மேடையடியில் தனி ஸ்டாண்டு வாங்குங்கள்; நிரம்பிய கேன் 20 கிலோவுக்கு மேல் கனக்கும்.

பதில் 4: ஆய்வு மாணவர்

படுக்கை விஷயத்தில் அக்கா சொல்வதோடு முழுவதும் உடன்படுகிறேன். தரையில் அமர்ந்து எழுதுவதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. முதுகலை இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுதும்போது, மடிக்கணினியின் மேல் குனிந்தபடி மணிக்கணக்கில் தரையில் இருந்தால் கழுத்தும் இடுப்பும் தாங்காது. மடக்கு மேசை ஒன்றும் மடக்கு நாற்காலி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்; இரண்டு பேருக்கு ஒன்றே போதும். ஒருவர் மேசையில் எழுதும் நேரத்தில் மற்றவர் திண்டில் சாய்ந்து படிக்கலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் மேசை தேவைப்படும் நாள்களுக்குப் பல்கலைக்கழக நூலகம் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே குளிர்சாதன வசதியும் இருக்கிறது. அறைக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியதில்லை.

பாடப்புத்தகங்களைப் பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பழையதாக வாங்கி, பருவம் முடிந்ததும் அங்கேயே விற்றுவிட்டால் ரேக்கிலும் இடம் மிஞ்சும்.

பதில் 5: கட்டடப் பொறியாளர், மீண்டும்

மேசை பற்றி ஆய்வு மாணவர் சொல்வது சரி. மேசை, நாற்காலிக்கு 1,800, ஜமக்காளத்துக்கும் பாய்களுக்கும் 1,500, சுண்ணாம்பு, மட்டைத் தூரிகை, மூங்கில் தட்டிக்கு 700, மீதி 500 விளக்குக்கு என்று பிரித்துக்கொண்டால் ரேக்கோடு சேர்த்து உங்கள் தொகைக்குள் அடங்கிவிடும். மெத்தைகளையும் தலையணைகளையும் ஊரிலிருந்து கொண்டுவந்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் கறை படிந்த சுவர்களையும் விரிசல்களையும் ஜன்னலையும் தேதி தெரியும்படி படமெடுத்து, சுண்ணாம்பு அடிக்க அவர் சம்மதித்ததையும் குறிப்பிட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று முன்பணத்தில் பிடிப்பது சென்னையில் வழக்கம். அப்போது இந்தப் படங்கள் உங்களுக்குத் துணை நிற்கும். சுண்ணாம்பு அடிப்பதை மழை தொடங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள். பொருள்களை எல்லாம் அறையின் நடுவில் குவித்துப் பழைய பெட்ஷீட்டால் மூடிவிட்டு அடித்தால் இரண்டு விடுமுறை நாள்களில் முடிந்துவிடும். ரேக்கை அதற்குப் பிறகே வாங்குங்கள். கதவின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் முன்னதாக அளந்துகொள்ளுங்கள். திருவல்லிக்கேணிப் படிக்கட்டுகளில் 7 அடிச் சட்டம் முழுதாக ஏறாமல் போகலாம் என்பதால், பிரித்துக் கொண்டுவந்து மேலே பூட்டித் தரும்படி கடைக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.