பாறு கழுகின் தடம் கடலுக்குள் துள்ளுகிறது: தரவைப் படிக்க உதவி தேவை

சிறகுத்தடம் எழுதியது:

வணக்கம். விலங்கியல் முதுகலை மாணவி நான். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் கூடு கட்டும் மஞ்சள்முகப் பாறு கழுகுகளின் வலசை பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். திருக்கழுக்குன்றத்து மலையுச்சிக்கு வந்து பொங்கல் உண்டுபோன அதே இனம். உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கிறது. பால்கனில் ஏறக்குறைய ஐம்பது இணைகளே மிச்சம்.

விலங்குகளின் நடமாட்டத் தரவைச் சேமிக்கும் மூவ்பேங்க் தளத்தில், முதுகில் கண்காணிப்புக் கருவி பொருத்திய ஓர் இளம் பறவையின் கோப்பு பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருந்தது. அதை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளைக் கோடாக இணைத்தேன். கோடு கிறுக்கல் போல் வருகிறது. காலையில் கிரேக்கத்தில் இருக்கும் பறவை ஒரு மணி நேரத்தில் இத்தாலியின் சிசிலித் தீவுப் பக்கம் போய், உடனே திரும்பிவிடுகிறது. பல நாட்களில் விடியும் முன்பே பறக்கத் தொடங்குகிறது. கோட்டின் முடிவோ மத்தியதரைக் கடலில் இருக்கிறது. இந்தப் பறவை இறந்துவிட்டதா, அல்லது இதுவும் அந்தக் கிறுக்கலில் ஒரு பகுதியா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடவாசி எழுதியது:

கோப்பில் சென்சர் வகையைச் சொல்லும் பத்தி (நெடுவரிசை) ஒன்று இருக்கும். அதில் ஜிபிஎஸ் என்று மட்டும் இருக்கிறதா, ஆர்கோஸ் டாப்ளர் என்றும் இருக்கிறதா?

சிறகுத்தடம் எழுதியது:

இரண்டும் மாறி மாறி இருக்கின்றன ஐயா. பிரிக்காமல்தான் இணைத்திருக்கிறேன்.

வரைபடவாசி எழுதியது:

அப்படியானால் கிறுக்கலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இந்தக் கருவி பறவையின் முதுகிலிருந்து இரண்டு வகையான இடங்களைத் தருகிறது. ஒன்று, கருவி தானே ஜிபிஎஸ் மூலம் கணித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம். பிழை சில பத்து மீட்டருக்குள் அடங்கும். சேர்த்து வைத்ததைச் சில நாட்களுக்கு ஒருமுறை ஆர்கோஸ் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். மற்றொன்று, அப்படி அனுப்பும் வானொலி அலையின் அதிர்வெண், செயற்கைக்கோள் நெருங்கும்போது கூடி விலகும்போது குறைவதை வைத்துக் கணிக்கும் இடம். டாப்ளர் என்பது இதுதான்.

டாப்ளர் கணக்குக்கு எப்போதும் இரண்டு விடைகள் உண்டு. செயற்கைக்கோள் சென்ற பாதைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. தவறான விடை தேர்வாகிவிட்டால் பறவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கும். உங்கள் சிசிலி அப்படி வந்ததாகவே தெரிகிறது.

ஒவ்வொரு டாப்ளர் இடத்துக்கும் தர வகுப்பு தந்திருப்பார்கள். 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள். 2 என்றால் 500 வரை, 1 என்றால் 1500 வரை. 0 அதற்கும் மேல். ஏ, பி ஆகியவற்றுக்குப் பிழை மதிப்பீடே கிடையாது. இசட் செல்லாது. ஏ, பி என்பதாலேயே தூக்கி எறிந்துவிடாதீர்கள். சில சமயம் நல்ல இடமாகவும் இருக்கும். முந்தைய, பிந்தைய புள்ளிகளோடு வேகமும் திரும்பும் கோணமும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சலிக்க மூவ்பேங்கிலேயே டக்ளஸ் வடிகட்டி இருக்கிறது. ஆனால் உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது. ஜிபிஎஸ் வரிகளை மட்டும் எடுத்துக் கோடு போடுங்கள். ஆய்வாளர்கள் ஏற்கெனவே பிழை என்று குறித்த வரிகளையும் நீக்கிவிடுங்கள்.

மலையோரம் எழுதியது:

விடியலுக்கு முன் பறப்பது நேரக் குழப்பம். மூவ்பேங்க் நேரம் முழுவதும் உலகப் பொது நேரம். கிரேக்கக் கோடைக்கு மூன்று மணி நேரம் கூட்ட வேண்டும். கோப்பில் ஐந்து மணி என்றால் அங்கே காலை எட்டு. பாறு கழுகு வெயிலேறி வெப்பக் காற்று எழும்பும் வரை காத்திருக்கும் பறவை. இருட்டில் கிளம்புவதாகத் தரவு சொன்னால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று. கோப்பை எக்செல்லில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே சேமிக்காதீர்கள். நேரப் பத்தியில் நிமிடமும் நொடியும் மட்டும் தெரியும். அந்த நிலையில் சேமித்தால் தேதியே போய்விடும்.

புல்வெளிக்கழுகு எழுதியது:

புள்ளிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி வந்தால் அதையும் அவசரப்பட்டு மரணம் என்று எழுத வேண்டாம். கைபேசிக் கோபுரம் வழியாகத் தகவல் அனுப்பும் கருவிகளில் இது மிகச் சாதாரணம். 2019 அக்டோபரில் நடந்தது நினைவிருக்கலாம். ரஷ்ய ஆய்வாளர்கள் கண்காணித்த ‘மின்’ என்று பெயரிட்ட புல்வெளிக் கழுகு, கஜகஸ்தானில் கோபுரமே எட்டாத இடத்தில் கோடையைக் கழித்தது. பிறகு ஈரானுக்குள் நுழைந்ததும், சேர்ந்திருந்த குறுஞ்செய்திகளையெல்லாம் மொத்தமாக அனுப்பத் தொடங்கியது. அங்கே ஒரு செய்திக்கு 49 ரூபிள். ஆய்வுக் குழுவின் பணம் கரைந்துவிட, பொதுமக்கள் கழுகின் கருவியில் இருந்த கைபேசி இணைப்புக்குப் பணம் செலுத்தினார்கள். கைபேசி நிறுவனமும் கடனைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அந்த மாதங்கள் முழுவதும் வரைபடத்தில் அந்தப் பறவை இல்லை. ஆனால் உயிரோடு வேட்டையாடிக்கொண்டிருந்தது.

சிறகுத்தடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜிபிஎஸ் வரிகளை மட்டும் வைத்து, நேரத்தையும் திருத்திவிட்டேன். கோடு தெளிவாகிவிட்டது, சிசிலி மறைந்துவிட்டது. ஆனால் முடிவு மாறவில்லை. கிரேக்கத்தின் தெற்குத் தீபகற்பமான பெலொப்பொனீசின் தென்கரையிலிருந்து நேராகத் தெற்கே கடலுக்குள் போகிறது. கடைசி நான்கு புள்ளிகளும் ஜிபிஎஸ். உயரம் புள்ளிக்குப் புள்ளி குறைகிறது. மின்கல அழுத்தம் கடைசி வரை நன்றாகவே இருக்கிறது.

வரைபடவாசி எழுதியது:

இது கருவிப் பிழை அல்ல, அம்மா. பறவை உண்மையாகவே கடலுக்குள் போயிருக்கிறது.

மின்கலம் நாளுக்கு நாள் தளர்ந்து பிறகு நின்றிருந்தால், இறகு சூரியத் தகட்டை மூடியது, கருவி பழுதானது என்றெல்லாம் யோசிக்கலாம். நிலத்தில் இறந்திருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் சில மீட்டர் சிதறலோடு புள்ளிகள் வந்துகொண்டே இருக்கும். அசைவு உணரி மாறாமல் நிற்கும். நல்ல மின்கலத்தோடு, கடல் மேல் உயரம் இழந்துகொண்டே வந்து சட்டென்று நிற்பது வேறு கதை. நீருக்கடியிலிருந்து அலை வெளியே வராது.

பால்கன் இளம் பறவைகளுக்கு இது தெரிந்த ஆபத்து. வளர்ந்த பெரிய பறவைகள் துருக்கி, சிரியா, எகிப்தின் சூயஸ் என்று நிலத்தைச் சுற்றி ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. முதல் வலசையில் தனியாகக் கிளம்பும் குஞ்சு தெற்கே போகும் உந்துதலோடு கரைக்கு வருகிறது. பெலொப்பொனீசிலிருந்து லிபியாவுக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தண்ணீர். ஏறிக்கொள்ள வெப்பக் காற்று இல்லை. சிறகடித்தே கடக்க வேண்டும். பெரிய பறவையைப் பின்தொடரும் குஞ்சு தப்புகிறது. பெரியவை அருகிவிட்டதால் வழிகாட்டவும் ஆள் குறைந்துவிட்டது. எண்ணிக்கை சரிவதில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

ஆய்வேட்டில் கவனமாக எழுதுங்கள். கடைசிப் புள்ளி இறந்த இடம் அல்ல. நினைவகத்தில் இருந்த அடுத்த புள்ளிகள் அனுப்பப்படாமலே மூழ்கியிருக்கும். ‘கடல் கடக்கும்போது தொடர்பு அற்றது, மூழ்கியிருக்க வாய்ப்பு மிகுதி’ என்று எழுதுங்கள். அதே கோப்புத் தொகுப்பில் துருக்கியின் போஸ்பரஸ் நீரிணை வழியாகச் சென்ற பறவை இருந்தால் அதையும் அதே வரைபடத்தில் போடுங்கள். பல்கேரியாவின் கிழக்கிலிருந்து கிளம்பும் குஞ்சுக்குத் தெற்கே பெரும்பாலும் நிலம். கிரேக்கத்திலிருந்து கிளம்பும் குஞ்சுக்குத் தெற்கே கடல். பிறந்த இடம் எவ்வளவு தீர்மானிக்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

மலையோரம் எழுதியது:

வரைபடத்தை வெளியிடும்போது தொடக்கப் புள்ளிகளை வெட்டிவிடுங்கள். பறவை பறக்கத் தொடங்கும் முன் வாரக்கணக்கில் ஒரே பாறையில் குவியும் புள்ளிகள் கூட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். பால்கனில் முட்டை திருடர்கள் இல்லாமல் இல்லை.

சிறகுத்தடம் எழுதியது:

வெட்டிவிடுகிறேன். கிழக்குப் பல்கேரியப் பறவை ஒன்று தொகுப்பில் இருக்கிறது. சூயஸ் வரை கோடு சுத்தமாகப் போகிறது. இரண்டையும் சேர்த்து வெளியிட, தரவின் உரிமையாளர்களுக்கு இன்றே கடிதம் எழுதுகிறேன்.