கூட இருக்கவங்களை டிபெண்டன்டா (நம்ம வருமானத்தை நம்பி இருக்கறவங்களா) போடலாமா? 2024 அமெரிக்க டேக்ஸ், அவசரம்

ஆஸ்டின்வாசி: நானும் என் தோழியும் ஒரே வீட்டுல இருக்கோம், இன்னும் கல்யாணம் ஆகலை. வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் என் சம்பளம்தான். அவளை டிபெண்டன்டா போட்டா வரியில 500 டாலர் கிரெடிட் (தள்ளுபடி) வரும்னாங்க. டேக்ஸ் சாஃப்ட்வேர் அவளோட எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கேட்டு அப்படியே நிக்குது. ஏப்ரல் 15க்கு ரெண்டே நாள். சொல்லுங்க ப்ளீஸ்.

வைகைக்கரை: ஜனவரி 1லிருந்து டிசம்பர் 31 வரை ஒண்ணா இருந்தீங்களா? அவங்க வருமானம் 5,050 டாலருக்குக் கீழே இருக்கணும்.

மாடிவீடு: ப்ரோ, அப்படின்னா ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டாவே (குடும்பத் தலைவர்னு) போடலாம். வரி போடறதுக்கு முன்னாடி வருமானத்துல கழிவு 21,900 டாலர். சிங்கிளுக்கு 14,600தான்.

கணக்குப்பிள்ளை: தப்பு. உறவு ஏதும் இல்லாம, கூட இருந்ததால மட்டும் டிபெண்டன்ட் ஆனவங்களை வச்சு அது கிடைக்காது. வரித்துறையோட பப்ளிகேஷன் 501ஐப் படிக்காம கேக்கறதும், படிக்காம பதில் சொல்றதும் இங்க வழக்கமாயிடுச்சு. விசா என்னன்னு கூடச் சொல்லலை.

ஆஸ்டின்வாசி: மன்னிக்கணும்ணா. நான் எச்1பி (வேலை விசா). அவ எஃப்1 (மாணவர் விசா), 2023 ஆகஸ்ட்ல வந்தா. அப்போலேர்ந்து ஒரே வீடு. வேலை இல்லை. போன வருஷம் 40 நாள் லீவுக்கு மதுரை போயிட்டு வந்தா.

மாடிவீடு: 40 நாளா? அதுலயே போச்சு.

வைகைக்கரை: இல்லைங்க, லீவுக்கு ஊருக்குப் போனாலும் கூட இருந்ததாத்தான் கணக்கு. சிக்கல் எஃப்1தான். முதல் 5 காலண்டர் வருஷம் அவங்க இங்க இருக்கற நாள் ரெசிடென்ட் ஆகறதுக்கான கணக்குல சேராது, வரிக்கு நான்ரெசிடென்ட் (இங்க குடியிருக்காதவங்க). இந்தியாவிலிருந்து வந்த நான்ரெசிடென்ட்டை டிபெண்டன்டா போட முடியாது. ஐடிஐஎன் (எஸ்எஸ்என் இல்லாதவங்களுக்கான வரி நம்பர்) வாங்கினாலும் அதேதான்.

கரிசல்காடு: டெக்சாஸ்ல ரிஜிஸ்டர் பண்ணாமலே கல்யாணம் ஆனதா எடுத்துக்கற சட்டம் உண்டு. வீட்டு லீஸ்ல (வாடகை ஒப்பந்தம்) என்ன உறவுன்னு எழுதினீங்க தம்பி?

ஆஸ்டின்வாசி: மேனேஜர் ஃபாரத்தை நீட்டினார். உறவுங்கற கட்டத்துல யோசிக்காம மனைவின்னு எழுதிட்டேன்.

கரிசல்காடு: அப்ப ஜாயின்ட்டா (கணவன் மனைவி சேர்ந்து) போடுங்க. கழிவு 29,200!

கணக்குப்பிள்ளை: ஒரு கட்டத்துல எழுதினா கல்யாணமா? தம்பதின்னு ரெண்டு பேரும் ஒத்துக்கணும், டெக்சாஸ்ல சேர்ந்து வாழணும், வெளியிலயும் அப்படியே சொல்லிக்கணும். மூணும் சேர்ந்தாத்தான்.

கரிசல்காடு: எழுதிக் கொடுக்கறது வெளியில சொல்றது இல்லையா? என்கூட வேலை பார்த்தவர் பிரியும்போது அந்த லீஸ்தான் கோர்ட்ல வந்து நின்னுச்சு.

வைகைக்கரை: 500 டாலருக்காக ரெண்டு பேர் வாழ்க்கையை நாம முடிவு பண்ண வேண்டாம். ஜாயின்ட்டுன்னா அந்தப் பொண்ணும் கையெழுத்துப் போடணும், முதல்ல அவங்களைக் கேளுங்க. தம்பி, வருமானம் இல்லாட்டியும் அவங்க படிவம் 8843 (இங்க இருந்த நாளைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு சொல்றது) அனுப்பணும், மறந்துடாதீங்க.

ஆஸ்டின்வாசி: பேரை எடுத்துட்டு சிங்கிளாவே அனுப்பிட்டேன். 8843 அவகிட்ட சொல்லிட்டேன். லீஸ் புதுப்பிக்கறப்போ அந்தக் கட்டத்தை மாத்திடறேன். நன்றிங்க.

கரிசல்காடு: மாத்தினா பழைய ஃபாரம் இல்லைன்னு ஆயிடுமா?