தருமபுரம் வீட்டார் குழு: ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கதை

தர்சி: திங்கள் காலை கிளிநொச்சியில் தொழில் திணைக்களக் கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுக்கிறோம். எங்கள் தையல் தொழிற்சாலை லைனில் பதினொரு பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் கூட வந்தால் நல்லது.

பெரியம்மா: என்ன முறைப்பாடு பிள்ளை?

தர்சி: நாலரைக்கு வேலை முடிந்தது என்று மெசினில் விரல் வைக்கச் சொல்கிறார்கள். பிறகு திரும்ப வந்து தைக்க வேண்டும், அன்றைக்குத் தைக்க வேண்டிய கணக்கு, டாகெட், முடியவில்லையாம். பஸ் வெளிக்கிட ஆறரை. சம்பளச் சிட்டையில் அந்த இரண்டு மணித்தியாலத்தைக் காணோம்.

கண்ணன்: அநியாயம்

சின்ன மாமா: எல்லாரும் பொறுமையாக வாசியுங்கோ. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1941. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. மணிக்கு 150 ரூபா என்றால் 225, இரண்டு மணிக்கு 450. ஒரு மாதத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கோ. பெண்பிள்ளைகளுக்கு மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓ.டி. கொடுக்கவும் கூடாது. சட்டத்தரணிக்குக் காசு தேவையில்லை. திணைக்களமே விசாரித்து, கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். தொழில் நியாயசபை வேறு, அது வேலையால் நிறுத்தினால் போகிற இடம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கண்ணன்: மாமா, மூச்சு விடுங்கோ 😂

மாலா: ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசும் கூடுமா?

சின்ன மாமா: இல்லை. ஓ.டி.க்கு அது பிடிப்பதில்லை. சம்பளத்துக்கும் வாழ்க்கைச் செலவுப் படி போன்றவற்றுக்கும்தான் எங்களிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும். இதை நான் சங்கக் கடையில் இருந்த காலத்திலேயே

பெரியப்பா: அவளை அங்கே சேர்த்துவிட்டது நான். இனி வேலை தந்த அந்த ஆளின் முகத்தில் எப்படி முழிப்பது?

சுதா சித்தி: வட்டக்கச்சிக் காணிக்கும் இதே முகக் கதைதானே அத்தான்.

பெரியப்பா: காணியை இங்கே இழுக்காதே.

பெரியம்மா: வேலை போனால் சீட்டுக் காசு யார் கட்டுவது?

தர்சி: பயம் எனக்கும் இருக்கு பெரியம்மா. ஆனால் விரல் மெசினில் நாலரை என்றுதான் விழுந்திருக்கு. ஆறரை வரை இருந்ததற்குச் சாட்சி ரூபன் அண்ணாவின் கொப்பிதான். பஸ் எடுத்த நேரம் தினமும் எழுதுகிறவர். அண்ணா, நாலு பக்கம் படம் எடுத்து அனுப்புவீங்களா?

ரூபன்: வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வான் பிடிக்கிறேன். வருகிறவர்கள் பெயர் போடுங்கோ.

மாலா: நானும் இரண்டு பிள்ளைகளும்

பெரியம்மா: எனக்கு முன் சீட். முழங்கால் மடங்காது.

கண்ணன்: பொங்கலும் திங்கள்தானே!

தர்சி: அது இரவு. கந்தோர் காலையில். ரூபன் அண்ணா, கொப்பி?

சுதா சித்தி: பார்த்துவிட்டான். நீல டிக் விழுந்திட்டுது.

ரூபன்: பஸ் முதலாளியும் அவர்கள் ஆள் தங்கச்சி. நேரில் கதைப்பம்.

சின்ன மாமா: படம் வேண்டாம், கொப்பி இருக்கு என்று முறைப்பாட்டில் எழுதினால் போதும். தொழில் உத்தியோகத்தர் வந்து கேட்கட்டும். நான் கூட வருவேன், ஆனால் பத்து மணிக்குப் பிறகு. காலையில் கிளினிக்.

பெரியப்பா: செவ்வாய்க்கு வையுங்கோ.

தர்சி: செவ்வாய் எங்களுக்கு லீவு இல்லை பெரியப்பா.

மாலா: வானில் பானை வைக்க இடம் இருக்குமா?