76 வயது, மெனிஞ்சியோமா, எம்எஃப்ஐ-5 ஸ்கோர் 3: ஆபரேஷனை மறுக்கலாமா?

கேள்வி (வார்டு_பிஜி):
76 வயது அம்மா. வலது நெற்றிப்பகுதியில், மூளையின் மேற்பரப்பில், 4.5 செ.மீ. மெனிஞ்சியோமா (மூளை உறையில் வளரும், பெரும்பாலும் புற்றல்லாத கட்டி), சுற்றிலும் கணிசமான வீக்கம். சுகருக்கும் பிபிக்கும் மாத்திரை எடுக்கிறார். ஒரு மாதமாக மந்தமாக இருக்கிறார். குளிக்க, உடுத்த ஆள் வேண்டியிருக்கிறது. எம்எஃப்ஐ-5 (உடல் தளர்ச்சியை ஐந்து கேள்விகளில் அளக்கும் ஸ்கோர்) கணக்கில் 3 வருகிறது. 2 வந்தாலே ஃப்ரெய்ல் (தளர்ந்தவர்) என்கிறார்கள். இதை வைத்தே ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

நியூரோசர்ஜரி_மதுரை:
அந்த 3 எப்படி வந்தது என்று பாருங்கள். சுகர் 1, பிபி 1, பிறரைச் சார்ந்திருப்பது 1. கடைசி மார்க் பெரும்பாலும் கட்டி போட்டது. மீதி இரண்டு கேள்விகளும் இதயச் செயலிழப்பும் சிஓபிடியும் (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) தான். எடை குறைந்ததா, நடை தளர்ந்ததா, தசை கரைந்ததா என்று இந்த ஸ்கோர் கேட்பதே இல்லை. எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு வியாதி எதுவும் இல்லையென்றால் 0 வரும்!

வீட்டாரிடம் ஆறு மாதம் முன்பு எப்படி இருந்தார் என்று கேளுங்கள். தனியாகப் பஸ் ஏறினாரா, சமைத்தாரா, மாத்திரையைத் தானே பார்த்து எடுத்தாரா? அந்தப் பதிலை வைத்து கிளினிக்கல் ஃப்ரெய்ல்டி ஸ்கேலில் (1 முதல் 9 வரை, எண் ஏற ஏறத் தளர்ச்சி அதிகம்) இடம் கொடுங்கள். அப்போது 3 என்றால் ஒரு பேச்சு, 6 என்றால் வேறு பேச்சு.

பிறகு மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி. காலையும் மதியமும் கொடுத்து, மூன்றாம் நாள் மறுபடி பாருங்கள். தானே சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தத் தளர்ச்சி வீக்கத்தால் வந்தது. அவருக்கு ஆபரேஷனை மறுக்கக் கூடாது என்பது என் கருத்து.

மயக்கவியல்_கோவை:
ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு காலையில் போனால் சுகர் ஏறுவது மதியத்துக்கு மேல்தான். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மாலை ரீடிங் 180-க்குள் இருக்க வேண்டும். ராத்திரி டோஸ் வேண்டாம், தூக்கம் கெடும். முதியவருக்கு அதுவே குழப்பத்தில் கொண்டுபோய் விடும். தேதி கிடைக்கவில்லை என்று வாரக்கணக்கில் ஸ்டீராய்டிலேயே வைத்தால் தொடைத் தசை போய், நாற்காலியிலிருந்து எழ முடியாமல் ஆகிவிடும். ஃப்ரெய்ல்டியை நாமே உண்டாக்குவது அது.

ஆபரேஷனுக்கு முந்தின இரவு டயாஸிபாம், லோராசிபாம் போன்ற தூக்க மாத்திரை எழுதாதீர்கள். கண்ணாடி, காதுக்கருவி ஐசியூவுக்கும் கூடவே போகட்டும்.

பிசியோ_திருச்சி:
கைப்பிடி வலு பார்ப்பதானால் வலது கையில் பாருங்கள். வலப்பக்கக் கட்டி இடது கையைத்தான் பலவீனமாக்கும். ஆசியர்களுக்கு ஆண் 28 கிலோ, பெண் 18 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. ஆனால் நெற்றிமடல் கட்டியில் நோயாளி அழுத்தவே முனைய மாட்டார். அதைத் தசை வலு இல்லை என்று எழுதிவிடுவார்கள். 'அழுத்துங்க, இன்னும், இன்னும்' என்று உரக்கச் சொல்லி, மூன்று முறையில் அதிகபட்சத்தை எடுங்கள்.

வார்டு_பிஜி:
இதே அம்மாவுக்கு கிளையோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்று) என்றால்?

நியூரோசர்ஜரி_மதுரை:
கணக்கே வேறு. 65-க்கு மேற்பட்டோரிடம் 15 அமர்வில் 40 கிரே கதிர்வீச்சு மட்டும் கொடுத்தபோது இடைநிலை ஆயுள் 7.6 மாதம், டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் சேர்த்தபோது 9.3, 2017-ல் வந்த ஆய்வு. அந்த ஒன்பதில் இரண்டு மாதம் புதிய பக்கவாதத்தோடு படுக்கையில் போனால் என்ன மிச்சம்? ஆறு மாதம் முன்பே தளர்ந்திருந்தவர், கட்டியும் ஆழத்தில் என்றால் பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) போதும். திசு கையில் வந்ததும் எம்ஜிஎம்டி மெத்திலேஷன் (டெமோசோலமைடு வேலை செய்யுமா என்று காட்டும் மரபணுச் சோதனை) கேட்டு அனுப்புங்கள். பாசிட்டிவ் என்றால், கதிர்வீச்சுக்குத் தினமும் வந்துபோக முடியாதவருக்கு மாத்திரை மட்டும் கொடுக்கும் வழியும் உண்டு.